கொழும்புக் கடலடியில் நூறாண்டு கடந்த இரு கப்பல்கள்

வியாழன், கல்கிசை

காலிமுகத்திடலில் மாலை வேளையில் இறால்வடை வாங்கிக்கொண்டு கடலைப் பார்த்து நிற்பவர்களில், தாம் பார்க்கும் அந்தக் கடலின் அடியிலேயே முதலாம் உலகப் போரில் மூழ்கிய இரண்டு பிரித்தானியக் கப்பல்கள் இன்றும் கிடக்கின்றன என்பதை அறிந்தவர்கள் மிகச் சிலராகவே இருப்பார்கள். ஒன்று பேர்சியஸ், நாற்பது மீற்றருக்குச் சற்றுக் குறைந்த ஆழத்தில் கிடக்கிறது. மற்றையது வூஸ்டர்ஷயர், ஐம்பது மீற்றரையும் தாண்டிய ஆழத்தில் கிடக்கிறது. இந்த வார இறுதியில் இவ்விரண்டையும் தேடிப் போகும் சிறு குழுவொன்றில் எனக்கும் இடம் கிடைத்திருக்கிறது. அன்றன்று கண்டதை அன்றன்றே எழுதுவதாக எண்ணம்.

மேற்குக் கரையில் சுழியோடும் பருவம் நவம்பரில் தொடங்கி ஏப்ரலோடு முடிந்துவிடும். மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று, அதாவது நம் கடற்றொழிலாளர் சோளகம் என்று சொல்லும் காற்று, எழும்பிவிட்டால் இந்தக் கடலில் சிறு படகை இறக்குவதே பெரும்பாடு. அடியில் சேறு கலங்கி, நீட்டிய கையே தெரியாமல் போகும். அந்த மாதங்களில் சுழியோடிகள் கிழக்கே திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடம் பெயர்வார்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால்தான் கிடக்கிறது. ஆனால் அதைப் பற்றி நம்மவர்கள் ஏற்கெனவே நிறைய எழுதிவிட்டார்கள். கொழும்புக் கப்பல்களைப் பற்றித்தான் தமிழில் வாசிக்க அதிகம் கிடைப்பதில்லை.

இன்று நடந்தது ஒரு பரீட்சை. ஆழமான இடத்துக்கு அழைத்துப் போகுமுன் ஒவ்வொருவரும் நீருக்கடியில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்க்காமல் எங்கள் வழிகாட்டி எவரையும் படகில் ஏற்றுவதில்லை. சான்றிதழ் அட்டை எத்தனை இருந்தாலும் அவருக்கு அதில் நம்பிக்கை இல்லை, எனக்கும் இல்லை. பரீட்சைக்காகப் பாணந்துறைப் பக்கம் கிடக்கும் தெர்மோபைலி சியெராவுக்குப் போனோம். உருக்கு ஏற்றிவந்த அந்தச் சரக்குக் கப்பல் 2009இலிருந்து சட்டப் பிணக்கொன்றில் சிக்கி, மாலுமிகளுக்கும் வழக்கறிஞர்களுக்கும் இடையில் நங்கூரமிட்டபடியே துருப்பிடித்து, 2012 ஓகஸ்டில் தானாகவே மூழ்கியது. கசிந்த எண்ணெய் கரையோரத்தைக் கறுப்பாக்கியது பலருக்கு நினைவிருக்கும். பெரிய கப்பல், ஆழமும் அதிகமில்லை என்பதால் பழகுவதற்கு ஏற்ற இடம். முகமூடியைக் கழற்றி மாட்டுவது, துணைவரின் சிலிண்டரோடு இணைந்த மேலதிக சுவாசக் குழாயிலிருந்து காற்றெடுப்பது, கயிற்றைப் பிடிக்காமல் ஐந்து மீற்றர் ஆழத்தில் மூன்று நிமிடம் அசையாமல் நிற்பது ஆகிய மூன்றும்தான் பாடம். மூன்றாவதில் ஒருவர் தேறவில்லை. அவருக்குப் படகில் இடமில்லை என்று வழிகாட்டி மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

வெள்ளவத்தையில் வீட்டுக்குத் திரும்பியபோது அம்மாவின் கேள்வி வழக்கம் போலவே இருந்தது: "மீன் பிடிக்கிற ஆக்கள் வயித்துப்பாட்டுக்குக் கடலுக்குப் போயினம். உனக்கு என்ன விசர்?" இதற்கு விடை சொல்ல நான் முயல்வதில்லை.

வெள்ளி, கடலில்

போனோம், திரும்பினோம்.

பேர்சியஸ் கிடக்கும் இடத்தை ஜீ.பீ.எஸ். காட்டியது, நங்கூரமும் பிடித்தது. எல்லோரும் சிலிண்டரைக் கட்டத் தொடங்கியபோது, படகில் கிடந்த ஒரு பொச்சு மட்டையை வழிகாட்டி முன்னணியத்தின் பக்கத்தில் நீரில் போட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு மீற்றர் நீளமுள்ள படகின் பின்னணியத்தை அது பத்து விநாடியில் கடந்தது. நிமிடத்துக்கு 42 மீற்றர், அதாவது ஒரு நொட்டுக்கும் (மணிக்கு ஒரு கடல் மைல்) கூடிய நீரோட்டம். முழுக் கருவிகளுடன் இருக்கும் சுழியோடி அதை எதிர்த்து நீந்தினால் முன்னேறவும் மாட்டார், மூச்சும் மிஞ்சாது. கயிற்றைப் பிடித்தபடி இறங்கிப் பார்க்கிறேன் என்று வழிகாட்டி மட்டும் நீரில் குதித்தார். பிடித்த கணத்திலேயே அவருடைய உடல் கிடையாக நீண்டுவிட்டது. மேலே ஏறி வந்து, "இன்றைக்கு இல்லை" என்ற இரண்டு சொற்களோடு முடித்துக்கொண்டார்.

படகுச் செலவு, எரிபொருள், ஒரு நாள் விடுப்பு எல்லாம் வீண் என்று ஒருவர் முணுமுணுத்தார். நியாயந்தான். ஆனால் கட்டிய காசுக்காக இறங்குகிறவர்களைப் பற்றிய செய்திகளை நான் போதுமான அளவு வாசித்திருக்கிறேன். மாலுபாணும் இஞ்சி பிஸ்கற்றும் தீர்ந்திருந்தன. பதினொரு மணிக்குக் கரையில் இருந்தோம்.

சனி, பேர்சியஸ்

அதிகாலைக் கடல் எண்ணெய் தடவியது போலக் கிடந்தது. பொச்சு மட்டை இன்று படகோரத்திலேயே தயங்கி நின்றது. நகரத்தின் கட்டடங்களெல்லாம் புகாருக்குள் மறைந்த பின்னும், 350 மீற்றர் உயரமான தாமரைக் கோபுரம் மட்டும் நெடுநேரம் தெரிந்துகொண்டிருந்தது. எங்கள் படகோட்டி உடப்பைச் சேர்ந்தவர். இளமையில் இதே இடங்களில் தூண்டில் போட்டவர். கப்பலின் பெயரும் வரலாறும் அவருக்குத் தெரியாத காலத்திலேயே அது கிடக்கும் இடம் அவருக்குத் தெரிந்திருந்தது. வலை அறுபடும் இடம், கலவாய் படும் இடம் என்று கரையின் அடையாளங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துக் கண்டுபிடிப்பார்களாம். "மெசின் வந்தாப் பிறகு பொடியன்கள் கரையைப் பார்க்கிறதே இல்லை, தம்பி" என்றார்.

எம்டனைப் பற்றிக் கதை கேட்காத தமிழ் வீடு குறைவு. 1914 செப்ரெம்பரில் சென்னையைக் குண்டு வீசித் தாக்கிய ஜேர்மன் கப்பல் அது. ஆனால் கொழும்புக்கு உண்மையான சேதத்தைச் செய்தது அதற்குப் பின் வந்த வூல்ஃப். சாதாரண வணிகக் கப்பலொன்றை மாற்றியமைத்து, பீரங்கிகளை மறைத்து, 400க்கும் மேற்பட்ட கண்ணிவெடிகளையும் பிரித்தெடுத்து மடித்து வைக்கக்கூடிய ஒரு கடல்விமானத்தையும் ஏற்றி, 1916 நவம்பர் இறுதியில் கீல் துறைமுகத்திலிருந்து கார்ல் ஓகஸ்ட் நேர்கர் என்ற கப்டனின் தலைமையில் புறப்பட்டது. எந்தத் துறைமுகத்தையும் தொடாமல் 451 நாட்கள் கடலிலேயே சுற்றி, பிடித்த கப்பல்களின் நிலக்கரியையும் உணவையும் கொண்டே உயிர்வாழ்ந்து, 1918 பெப்ரவரியில் அது திரும்பியும் சென்றது. இடையில், 1917 பெப்ரவரி நடுப்பகுதியில், இருளில் கொழும்புக்கு வெளியே கண்ணிவெடிகளை விதைத்துவிட்டுப் போனது. பெப்ரவரி 17ஆம் திகதி வூஸ்டர்ஷயர் அவற்றில் ஒன்றில் மோதியது. 21ஆம் திகதி பேர்சியஸ். இரண்டிலும் உயிரிழப்பு மிகக் குறைவாக இருந்ததால் போர் வரலாற்றில் இவற்றுக்கு ஓரிரு வரிகளே கிடைத்தன.

இனி ஆழத்துக்கு வருவோம். அமுக்கம் கூடக்கூட வாயுவின் கனவளவு சுருங்கும் என்ற போயிலின் விதியை உயர்தர வகுப்பில் மனனம் செய்து பரீட்சை முடிந்ததும் மறந்தவர்களுக்கு, அந்த விதி தன் முழு உருவத்தையும் காட்டும் இடம் இதுதான். நீரில் ஒவ்வொரு பத்து மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகிறது. நீர்மட்டத்தில் ஏற்கெனவே உள்ள ஒன்றையும் சேர்த்தால் 36 மீற்றரில் நம்மைச் சூழும் அமுக்கம் 4.6 மடங்கு, ஆகவே ஒவ்வொரு மூச்சும் சிலிண்டரிலிருந்து 4.6 மடங்கு காற்றை எடுக்கிறது. 12 லீற்றர் சிலிண்டரில் 200 பார் அமுக்கத்தில் 2,400 லீற்றர் காற்று இருக்கும். கரையில் நிமிடத்துக்கு 20 லீற்றர் சுவாசிப்பவருக்கு அந்த ஆழத்தில் 92 லீற்றர் வேண்டும். கடைசி மூச்சு வரை உறிஞ்சினாலும் 26 நிமிடந்தான்; மேலே வரும் நேரத்துக்கும் அவசரத்துக்கும் ஒதுக்கிவிட்டால் அதில் பாதிகூட மிஞ்சாது. அதற்கு முன்பே நைதரசன் கணக்கு முடிந்துவிடும்: உடலிழையங்களில் கரையும் நைதரசன் குமிழாகப் பிரியாமல் நேரே மேலே வரக்கூடிய அவகாசம் இந்த ஆழத்தில் பத்து நிமிடத்தைச் சுற்றியே இருக்கிறது. ஒட்சிசன் 28 வீதமாகக் கூட்டிய கலவையை நாங்கள் எடுத்துச் சென்றதால் இன்னும் சில நிமிடங்கள் கிடைத்தன. ஒட்சிசனை அதற்கு மேலும் கூட்ட முடியாது. நாற்பது மீற்றரை நெருங்கும்போது அந்த ஒட்சிசனே நஞ்சாகி வலிப்பை உண்டாக்கும். மலையேறுபவருக்கு ஒட்சிசன் போதாமை பகை. எங்களுக்கு அது கூடினாலும் பகை.

கயிற்றைப் பற்றி இறங்கினோம். முதல் பத்து மீற்றர் பச்சை. அதற்குப் பின் நீலம் கலந்து, கயிற்றில் ஒட்டியிருந்த சிறு சிப்பி கட்டைவிரலைக் கீறியதில் கசிந்த இரத்தம் பாசி நிறத்தில் மிதந்து போனது. செந்நிற ஒளியை மேல் நீர் முழுவதுமாக உறிஞ்சிவிடுவதால் அப்படித் தெரிகிறது. டோர்ச்சை அடித்தேன், சிவப்பு திரும்பி வந்தது. இருபது மீற்றர் தாண்டியதும் கீழே நீரின் நிறம் ஓரிடத்தில் மட்டும் கனத்திருந்தது. பின்னர் அதற்கு விளிம்புகள் வந்தன.

கப்பல் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். பேர்சியஸ் உடைந்து பரந்து கிடக்கிறது. பக்கத் தகடுகள் மணலில் படுத்துவிட்டன, விலா இரும்புகள் மட்டும் வரிசையாகத் துருத்தி நிற்கின்றன. உயர்ந்து நிற்பவை கொதிகலன்கள். நீராவிக் கப்பலில் எல்லாவற்றிலும் தடித்த இரும்பு அவைதான் என்பதால் மற்றவை கரைந்த பின்னும் அவை நிலைத்திருக்கின்றன. அவற்றின் முகப்பில் வட்ட வட்டமான உலை வாய்கள். ஒன்றுக்குள் ஒளியைப் பாய்ச்சியபோது இரண்டு சிங்கி இறால்களின் கொம்புகள் மட்டும் வெளியே நீண்டு, ஒளியின் பக்கம் மெல்லத் திரும்பின. உலைக்கு மேலே செப்பிலி மீன்கள் தடித்த திரையாக நின்றன. பாரைக் கூட்டமொன்று வெளி நீரிலிருந்து உள்ளே பாய்ந்ததும் அந்தத் திரை கிழிந்து மறுபடி மூடியது.

அங்கே வழிகாட்டி என் முகத்துக்கு முன்னால் மூன்று விரல்களைக் காட்டினார். நான் நான்கு காட்ட வேண்டும். அவர் காட்டுவதற்கு ஒன்று கூட்டிக் காட்ட வேண்டும் என்பது மேலே பேசி வைத்த ஒழுங்கு. ஆழத்தில் நைதரசன் மூளையை மந்தப்படுத்துகிறது. அது பயமாக வருவதில்லை என்பதே அதன் ஆபத்து. எல்லாம் சரியாக இருக்கிறது என்ற தாராளமான திருப்தியாகவே வரும். நான்கு விரலைக் காட்டினேன். அதற்கு எவ்வளவு நேரம் எடுத்தேன் என்று பின்னர் படகில் கேட்டபோது, "யோசித்துக் காட்டினீர்கள்" என்றார். அது பாராட்டு அன்று.

பின்பகுதியை நோக்கி நகரும்போது வலையைக் கண்டோம். நைலோன் வலை; இரும்பில் சிக்கி அறுந்துபோனதால் விட்டுவிட்டுப் போனது. கொதிகலனுக்கு அப்பால் விலா இரும்புகளின் மேல் பல மீற்றர் தூரம் போர்த்திக் கிடந்தது. மேல் விளிம்பில் மிதவைகள் இன்னும் இருந்ததால் அது விழவில்லை. நிமிர்ந்து நின்று மீன் பிடித்துக்கொண்டே இருக்கிறது. கண்ணிக்குள் தலை நுழைந்த பாரையொன்று அண்மையில்தான் செத்திருக்க வேண்டும், கண் இன்னும் கலங்கவில்லை. அதன் அருகே முள்ளும் தோலுமாக இன்னும் சில. மூழ்கிய கப்பலில் சுழியோடிக்கு உண்மையான ஆபத்து சுறாவும் அன்று, பேயும் அன்று. மங்கிய நீரில் கண்ணுக்குத் தெரியாத இந்த நூல்தான். சிலிண்டரின் வால்வில் ஒரு கண்ணி மாட்டினால் கை எட்டாது. அதனால்தான் ஒவ்வொருவரும் கத்தியையோ கத்தரியையோ ஒன்றுக்கு இரண்டாகக் கொண்டு போகிறோம். வழிகாட்டி கையைக் குறுக்கே நீட்டி எங்களை நிறுத்திவிட்டு, தான் மட்டும் சற்றுக் கிட்டப் போய் வலையின் நீளத்தைப் படம் பிடித்தார்.

ஆழத்தையும் நேரத்தையும் கணிக்கும் சுழியோடற் கொம்பியூட்டரில் எஞ்சிய நேரம் ஒற்றை இலக்கத்துக்கு வந்ததும் மேலே ஏறினோம்; நிமிடத்துக்கு ஒன்பது மீற்றருக்கு மேல் வேகமில்லாமல், ஐந்து மீற்றரில் நின்று, மிதவையை முன்னே அனுப்பி.

படகில் வெறுந்தேநீர் குடித்தபடி ஒருவர், கீழே பித்தளை ஏதும் கண்ணில் பட்டதா என்று கேட்டார். இந்தக் கேள்வி எனக்குப் பிடிப்பதில்லை. நூறாண்டுக்கு மேல் நீரடியில் கிடக்கும் எச்சங்களைப் பண்பாட்டு மரபாகக் கருதிக் காக்க வேண்டும் என்று யுனெஸ்கோவின் 2001ஆம் ஆண்டு உடன்படிக்கை சொல்கிறது; இவ்விரு கப்பல்களும் 2017இலேயே அந்த வயதை எட்டிவிட்டன. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கழற்றி எடுத்த சாளர வளையம் ஒருவருடைய வரவேற்பறையில் தூசு பிடிக்கும். இருந்த இடத்திலேயே இருந்தால் அடுத்துப் போகிறவர் அது என்ன கப்பல் என்று அறிந்துகொள்வார்.

ஞாயிறு, வூஸ்டர்ஷயருக்கு மேலே

நான் இன்று இறங்கவில்லை. பொழுதுபோக்குச் சுழியோடலின் எல்லை நாற்பது மீற்றர்; வூஸ்டர்ஷயருக்கு அதற்கப்பாற்பட்ட பயிற்சியும் வேறு வாயுவும் வேண்டும். அந்தப் பயிற்சி பெற்ற நண்பர்கள் இருவர் இறங்கினார்கள். மேலே நின்று நேரம் குறிப்பதும் கடலைக் காவல் பார்ப்பதும் என் வேலை.

பெல்ஃபாஸ்ற் நகரின் ஹார்லண்ட் அன்ட் வூல்ஃப் தளத்தில், டைட்டானிக்கைக் கட்டிய அதே தளத்தில், 1904இல் கட்டப்பட்டது வூஸ்டர்ஷயர். இங்கிலாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே கப்பல் ஓட்டிய பிபி லைன் நிறுவனத்துக்குச் சொந்தமானது.

இறங்கியவர்களின் சிலிண்டர்களில் 18 வீதம் ஒட்சிசன், 45 வீதம் ஈலியம், மிகுதி நைதரசன். நைதரசனைக் குறைத்து ஈலியத்தைச் சேர்ப்பதால் மூளை தெளிவாக இருக்கும், அடர்ந்த வாயுவை இழுக்கும் சிரமமும் குறையும். ஈலியம் மலிவான வாயு அன்று. ஒரு முறை இறங்குவதற்கு நிரப்பும் செலவைக் கேட்டால் அம்மாவின் 'விசர்' என்ற தீர்ப்பு உறுதியாகிவிடும். இவை தவிர, மேலே வரும் வழியில் 21 மீற்றரிலிருந்து சுவாசிக்க 50 வீத ஒட்சிசன் ஒரு சிலிண்டரிலும், ஆறு மீற்றரிலிருந்து சுவாசிக்கத் தூய ஒட்சிசன் இன்னொன்றிலும் பக்கவாட்டில் தொங்கின. தவறான ஆழத்தில் இவற்றை மாற்றிக் கடிப்பவர் பிழைப்பது அரிது என்பதால், ஒவ்வொன்றிலும் அதன் ஆழத்தைப் பெரிய எழுத்தில் ஒட்டி, மாற்றும் ஒவ்வொரு தடவையும் ஒருவர் மற்றவருடையதை வாசித்துத் தலையசைக்க வேண்டும்.

கீழே இருபது நிமிடம். மேலே வருவதற்கு முக்கால் மணித்தியாலம். அந்த முக்கால் மணித்தியாலத்தில் கீழிருப்பவர்களுக்கு எது நேர்ந்தாலும் அவர்களால் நேராக மேலே வர முடியாது; தலைக்கு மேல் திறந்த நீர் இருந்தாலும் கூரை இருப்பதாகவே வைத்துக்கொள்ள வேண்டும். இருபத்திரண்டாவது நிமிடத்தில் கீழிருந்து அவர்கள் அனுப்பிய செம்மஞ்சள் மிதவை நீரைக் கிழித்துக்கொண்டு எழுந்ததும், படகோட்டி இயந்திரத்தை இயக்கி, மிதவையைப் பின்தொடரத் தொடங்கினார். அதுவரை சாதாரணமாகக் கதைத்துக்கொண்டிருந்தவர் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. காரணம் கப்பல்கள். கொழும்புத் துறைமுகத்துக்கு வரும் கொள்கலன் கப்பல்கள் இந்தப் பக்கத்தால்தான் போகின்றன. தொடுவானில் பொம்மை போலத் தெரிவது இருபது நிமிடத்துக்குள் பக்கத்தில் வந்துவிடும், அவ்வளவு பெரிய கப்பலால் நினைத்த மாத்திரத்தில் நிற்கவோ திரும்பவோ முடியாது. நீருக்கடியில் சுழியோடி இருப்பதைக் காட்டும், நீலமும் வெள்ளையுமான அல்ஃபா கொடி எங்கள் படகில் பறந்துகொண்டிருந்தது உண்மைதான். அதை அவர்கள் பார்த்திருப்பார்கள் என்று நம்பிக்கொண்டிருக்க நாங்கள் தயாராக இல்லை. ஒரு கப்பலுக்கு வீ.எச்.எஃப். வானொலியில் நிலையைச் சொல்லி, ஒதுங்கிப் போகுமாறு கேட்டுக்கொண்டோம். ஒதுங்கிப் போனார்கள்.

இருவரும் ஏறி வந்து, நீர் குடித்து, கால் மணித்தியாலம் வரை பாரம் எதையும் தூக்காமல் இருந்தார்கள். கப்பல் நிமிர்ந்தே கிடக்கிறது, பேர்சியஸைப் போல் கலைந்துவிடவில்லை என்றார்கள். மேற்கொண்டு விவரிக்கச் சொன்னதற்கு, ஒருவர் "பெரிசு" என்றார். மற்றவர் படுத்துவிட்டார்.

திரும்பும் வழியில் வடக்கே கைகாட்டி, எக்ஸ்பிரஸ் பேர்ள் எரிந்த பக்கம் அது என்றார் படகோட்டி. 2021 மே 20ஆம் திகதி தீப்பிடித்து, ஜூன் 2ஆம் திகதி அடியில் அமர்ந்த அந்தக் கப்பலில் நைத்திரிக் அமிலமும் கோடிக்கணக்கான பிளாஸ்ரிக் மணிகளும் இருந்தன. மணிகள் மேற்குக் கரை முழுவதும் பனி பெய்தது போல் ஒதுங்கின. நீர்கொழும்புப் பக்கத்தில் மீன்பிடித் தடையும் வந்தது. "பழைய கப்பலில மீன் குடியிருக்குது தம்பி. அந்தக் கப்பல் எங்களைக் குடியெழுப்பிப் போட்டுது." வலை அறுபடும் கோபம் பழைய கப்பல்களின் மேல் இல்லையா என்று கேட்டேன். வலை போனால் ஒரு நாள் உழைப்பு, மீன் போனால் சீவியம் என்றார்.

திங்கள், வெள்ளவத்தை

கருவிகளை நன்னீரில் அலசிக் காயவைத்ததைத் தவிர இன்று எழுத அதிகமில்லை. தொடர்ந்து சுழியோடியவர்கள் குறைந்தது 18 மணித்தியாலம் விமானம் ஏறக்கூடாது என்பது பலருக்கும் தெரியும். நம் நாட்டில் பலர் மறப்பது வேறொன்று: கடலிலிருந்து கரையேறிய கையோடு வாகனத்தைத் திருப்பி நுவரெலியாவுக்குப் போவதும் அதே ஆபத்துத்தான். 1,868 மீற்றர் உயரத்தில் வளி அமுக்கம் குறையும்போது உடலில் எஞ்சிய நைதரசன் குமிழாகப் பிரியலாம். கண்டிக்கும் அப்பால் ஏறும் திட்டம் இருந்தால் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள்.

பேர்சியஸின் வலையைப் பற்றி வழிகாட்டியோடு மாலையில் தொலைபேசியில் கதைத்தேன். படங்களை வைத்து அவர் ஒரு திட்டம் போட்டிருக்கிறார். வலையை ஒரே வீச்சில் தூக்கப் பார்ப்பது முட்டாள்தனம். முதலில் மிதவைகளை வெட்டி அதைச் சரியவிட்டு மீன் பிடிப்பதை நிறுத்த வேண்டும், பின்னர் துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொரு துண்டையும் காற்றுப் பையில் கட்டி மேலே அனுப்ப வேண்டும். 36 மீற்றரில் ஒருவருக்குக் கிடைக்கும் வேலை நேரம் பத்துப் பன்னிரண்டு நிமிடம் என்பதால் இருவர் இருவராக மாறி மாறி இறங்க வேண்டும். வெட்டுபவருக்குக் காவலாக மற்றவர் கைகட்டி நின்று பார்க்க வேண்டுமே தவிர வலையைத் தொடக்கூடாது. மேலே வரும் துண்டுகளை ஏற்றிக்கொள்ளத் தன் மச்சானின் படகையும் தருவதாகப் படகோட்டி ஒப்புக்கொண்டிருக்கிறார், எரிபொருளை மட்டும் நாங்கள் போட்டால் போதும் என்றார். ஏப்ரல் புத்தாண்டு விடுமுறைக்குப் பிறகு கடலை நம்ப முடியாது. அதற்கு முந்திய இரண்டு வார இறுதிகளைக் குறித்து வைத்திருக்கிறோம். ஆழ்சுழியோடல் சான்றிதழும், கயிற்றைப் பிடிக்காமல் ஐந்து மீற்றரில் நிற்கும் பொறுமையும் உள்ளவர்கள் இன்னும் இருவர் தேவை. வியாழக்கிழமைப் பரீட்சை அவர்களுக்கும் உண்டு.